1862-இல் நடக்கும் கதையில் தோட்டா போடும் கோல்ட் ரிவால்வர் எப்படி வந்தது?

கேள்வி: புழுதிப்பாதை

செர்ஜியோ லியோன் 1966-இல் எடுத்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் கதை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதி சிப்லியின் படை நியூ மெக்சிகோவிலிருந்து பின்வாங்கிய 1862-ஆம் ஆண்டில் நடக்கிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏற்ற பிளாண்டி என்ற பாத்திரத்தின் இடுப்பில் இருப்பது கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851-ஆம் ஆண்டு மாதிரியான நேவி ரிவால்வர் என்பதால், காலக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். ஆனால் விடுதி அறையில் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் அவர், வெளியே அணிவகுத்துச் செல்லும் படையின் இரைச்சல் நின்ற நொடியில் குதிமுள்ளின் ஓசையைக் கேட்டு, அவசரமாகச் சிலிண்டரில், மருந்தும் குண்டும் ஒன்றாக அடங்கிய உலோகத் தோட்டாக்களை இட்டு நிரப்புகிறார். அந்த ரிவால்வருக்கு வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே இட வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். அக்காலத்தில் யாரேனும் அதைத் தோட்டாவுக்கு ஏற்றதாக மாற்றி வைத்திருக்க வாய்ப்பு உண்டா? லியோனும் ஈஸ்ட்வுட்டும் சேர்ந்த முந்தைய இரு படங்களின் துப்பாக்கிக் கைப்பிடியில் இருந்த வெள்ளிப் பாம்பே இதிலும் இருப்பது எப்படி என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய இரும்பு

நீங்கள் படித்தது சரியே. அசல் நேவி ரிவால்வரில் சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் முன்பக்கம் மட்டுமே திறப்பு உண்டு. ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, 0.36 அங்குல ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடிந்திருக்கும் நெம்புகோலால் அதை உள்ளே அழுத்த வேண்டும். அதன் பிறகு பின்பக்கத்தில் உள்ள ஆறு முனைகளிலும் சிறு செப்புக் கேப்புகளைச் செருக வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைக்கும் கேப்பைப் போல அதுவும் அடி விழுந்தால் வெடிக்கும். அந்தப் பொறிதான் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். எதிரி படியேறி வந்துகொண்டிருக்கும்போது செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று.

மாற்றியிருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தடையாக இருந்தது தொழில்நுட்பத்தை விடக் காப்புரிமைச் சட்டம்தான். பின்பக்கமாகத் தோட்டா இடும்படி, முழுவதும் துளையிட்ட சிலிண்டருக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் கொடுத்து அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே உள்நாட்டுப் போர் முழுவதும், அமெரிக்காவின் முதன்மையான ரிவால்வர் நிறுவனமாக இருந்த கோல்ட், அத்தகைய சிலிண்டரைத் தயாரிக்க வழியில்லாமல் இருந்தது. காப்புரிமை 1869-இல் முடிவடைந்தது. அதை நீட்டிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் கிராண்ட் 1870-இல் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகே பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. ஆகவே பிளாண்டியின் கையில் இருப்பது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முந்தி வந்த பொருள். குழலுக்கு அடியில் அந்த அழுத்தும் நெம்புகோல் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். தோட்டா இடும் துப்பாக்கியில் அதற்கு வேலையே கிடையாது.

பாம்புக் கைப்பிடிக்கான விடை எளியது. முந்தைய படங்களில் இருந்தது 1873-ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அதன் கைப்பிடி வடிவத்தைக் கோல்ட் நிறுவனம் நேவி ரிவால்வரிலிருந்தே எடுத்துக்கொண்டதால், ஒன்றின் கைப்பிடித் தகடுகளை மற்றொன்றில் பொருத்துவது கடினமன்று.

மறுமொழி 2: கண்ணாடிவில்லை

படப்பிடிப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பிழைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டிக் கேப்பு செருகிக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். வெற்றுத் தோட்டா என்றால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். நேவி ரிவால்வரின் வடிவம் கிடைத்ததற்கும் காலம் துணை நின்றது. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களின் மீது ஆர்வம் பெருகியபோது, இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியா என்ற ஊரில் 1959-இல் தொடங்கப்பட்ட உபெர்த்தி நிறுவனம் முதலில் தயாரித்ததே 1851 நேவியின் பிரதிதான்.

ரைஃபிளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! இலாய் வாலக் ஏற்ற டூக்கோ என்ற கொள்ளையனின் தூக்குக் கயிற்றை அறுக்கப் பிளாண்டி பயன்படுத்துவது ஹென்றி ரைஃபிளாகத் தோற்றமளிக்கிறது. 0.44 அங்குலத் தோட்டாக்கள் பதினாறு கொள்ளும் அந்த ரைஃபிள் 1862-இல் உண்மையாகவே விற்பனைக்கு வந்ததுதான். ஆனால் திரையில் தெரிவது 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டர். குழலுக்கு அடியில் இருக்க வேண்டிய மரப்பிடியைக் கழற்றி ஹென்றியைப் போல் ஆக்கியிருக்கிறார்கள். அதைக் காட்டிக்கொடுப்பது பித்தளை நிற உடலின் வலப்பக்கத்தில் உள்ள சிறு கதவு. ஹென்றியில் தோட்டாக்களை, குழலுக்கு அடியில் உள்ள தோட்டாக் குழாயின் முன்முனை வழியாகத்தான் இட வேண்டும். பக்கவாட்டில் இடும் கதவு வின்செஸ்டரில்தான் வந்தது. மரத்தைக் கழற்றும் அளவுக்கு அக்கறை காட்டியவர்கள் கதவையும் மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுமொழி 3: குதிரைலாடம்

ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. முதல் மறுமொழியைப் படிப்பவர்கள், 1862-இல் தோட்டா ரிவால்வரே இல்லை என்று எண்ணிவிடக் கூடும். ஸ்மித் அண்ட் வெஸன் 1857 முதலே 0.22 அங்குலத் தோட்டா இடும் ஏழு குண்டுச் சிறு ரிவால்வரை விற்றுவந்தது. போர்க்காலத்தில் படைவீரர்கள் பலர் அந்நிறுவனத்தின் 0.32 அங்குல ரிவால்வரைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தனர். பிரெஞ்சு லெஃபோஷோ ரிவால்வர்களையும் வடதரப்பு அரசு ஆயிரக்கணக்கில் வாங்கியது. இயக்குநர் விரும்பியிருந்தால் காலத்துக்குப் பொருந்தும் தோட்டா ரிவால்வர் ஒன்றைத் தேர்ந்திருக்க முடியும். ஆனால் அவற்றில் எதுவும் ஈஸ்ட்வுட்டின் கையில் நேவி அளவுக்கு எடுப்பாக இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டூக்கோ பல ரிவால்வர்களைப் பிரித்து, சிலிண்டரைக் காதருகே சுழற்றிப் பார்த்து, தனக்குப் பிடித்த பாகங்களைக் கோத்து ஒரே துப்பாக்கியாக்கும் கடைக் காட்சியும் இப்படித்தான். ஒரே மாதிரியைச் சேர்ந்த கோல்ட் பாகங்களையே சில சமயம் அரம் கொண்டு தேய்த்துப் பொருத்த வேண்டிய காலம் அது. ஆயினும் இலாய் வாலக்கின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஐயம் எழுவதில்லை.

புழுதிப்பாதை

விளக்கங்களுக்கு நன்றி. வில்லனாக வரும் லீ வான் கிளீஃப் வைத்திருக்கும் 1858 ரெமிங்டன் ரிவால்வராவது காலத்துக்குப் பொருந்துமா?

பழைய இரும்பு

அதுவும் சற்று முந்தியே வந்துவிட்டது. 1858 என்பது குழலின் மேல் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டு மட்டுமே. அந்தப் பெயரால் இன்று நாம் அழைக்கும் நியூ மாடல் ஆர்மி 1863-இல்தான் தயாரிப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய ரெமிங்டன் ஆர்மி ரிவால்வர்களும், சிலிண்டருக்கு மேலே இரும்புப் பட்டை ஓடும் அதே மூடிய சட்டம் கொண்டவை என்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது.