ஜெபிக்க வாய் வராதவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கூடாரம்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக் குழுவில் ஒரு வீட்டில் வேலை போய்விட்டது, இன்னொரு வீட்டில் பெரிய வியாதி. இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "பைபிளைத் திறந்தா எழுத்துதான் தெரியுது, முழங்கால் போட்டா வார்த்தை வரல." 'விசுவாசமாயிருங்க' என்று சொல்லி அனுப்ப மனசு ஒப்பவில்லை. தினமும் செய்யக்கூடிய சின்னக் காரியமாக என்ன கொடுக்கலாம்? எரேமியா 29:11, அதாவது உங்களுக்கு நல்ல முடிவு தரும் நினைவுகள் என்னிடம் உண்டு என்று கர்த்தர் சொல்லும் வசனம், அச்சடித்த அட்டை ஒன்றும் கொடுப்பதாக இருக்கிறோம்.

சூரைச்செடி:
அட்டையை நிறுத்தி வையுங்கள் சகோதரரே. அது சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டி, தோட்டம் போட்டு அங்கேயே குடியிருக்கச் சொல்கிறது. தனியாகப் பிய்த்துக் கொடுத்தால், வேலை போனவர் 'அடுத்த மாசம் கதவு திறக்கும்' என்றுதான் படிப்பார். திறக்காவிட்டால் ஆண்டவர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். கொடுப்பதானால் 4 முதல் 14 வரை முழுசாகக் கொடுங்கள்.

தினமும் செய்ய 13-ம் சங்கீதம் போதும், ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு, அதில் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டாம் வசனம் முடிந்ததும் நிறுத்தி, தன் முறையீட்டை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'கஷ்டமாயிருக்கு' என்றல்ல, 'வாடகை கொடுக்க வழியில்லை, நீர் பார்க்காதமாதிரி இருக்கு' என்று. நாலாம் வசனத்துக்குப் பிறகு அன்றைக்கு மட்டும் தேவையான ஒன்றைக் கேட்க வேண்டும். கடைசி இரண்டு வசனத்தை மனசு ஒத்துப்போகாவிட்டாலும் வாசிக்கலாம், அது நடிப்பு ஆகாது. பத்து நிமிஷத்துக்குமேல் வேண்டாம்.

பெரும்பாலும் தவறுவது எங்கே என்றால், முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்குப் போவதில். சொல்லாமல் விழுங்கின முறையீடு, நாளாக நாளாக ஜெபிக்கவே பிடிக்காமல் செய்துவிடும்.

மாலைமணி:
நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு மன்றாட்டில், அதாவது படுக்கப்போகுமுன் சொல்லும் திருச்சபையின் செபத்தில், திருப்பாடல் (நீங்கள் சொல்லும் சங்கீதம்) 88 வரும். முடிவில்கூட ஆறுதல் வராத பாடல் அது. மனசு நொந்தவர்கள் மட்டுமல்ல, நன்றாயிருக்கிறவர்களும் அதைச் சொல்கிறோம். வார்த்தை வராதவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: சொந்தமாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை, எழுதி வைத்த செபத்தோடு குரலைச் சேர்த்தால் போதும். 'மனப்பாடச் செபத்தில் உயிர் இல்லை' என்று சிலர் சொல்வதுண்டு. கைதாகும் முந்தின நேரம் கெத்சமனி தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் வேண்டினார்.

நாடித்துடிப்பு:
உடம்பை எல்லோரும் மறக்கிறீர்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே சரியாகத் தூங்காதவருக்கு உபவாசமோ முழு இரவு ஜெபமோ சொல்லாதீர்கள். படுக்கையில் போனை வைத்துக்கொண்டு செய்தி கேட்பது தூக்கத்தைக் கெடுக்கும், தேவ செய்தியானாலும்தான். வியாதி வீட்டில் மருந்தை நிறுத்துவதை விசுவாசத்தின் அடையாளமாக யாராவது பேசினால் அங்கேயே மறுக்க வேண்டும்.

'செத்தா நல்லது' என்று யாராவது சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். ஜெபம் போகிற வழியிலும் செய்யலாம்.

கூடாரம்:
அட்டையை விட்டுவிட்டோம். ஒரு சகோதரி 'எனக்கு விசுவாசமே இல்ல' என்கிறார். அவருக்கு சங்கீதமும் கையில் ஏறாது போலிருக்கிறது.

சூரைச்செடி:
அப்படியானால் அவர் வாசிக்க வேண்டாம், நீங்கள் வாசியுங்கள். மாற்கு 2-ல் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வந்தார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது, படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக இல்லை. நீங்களும் நாலு பேர் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஆஸ்பத்திரிக்குத் துணை, ஒருவர் சாப்பாடு, ஒருவர் பணம், காகித வேலை, ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் போனில் சங்கீதம் வாசிக்க. வாசித்ததும் வைத்துவிட வேண்டும், விசாரணை கூடாது.

'என்ன வேணும்னாலும் சொல்லுங்க' என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 'வியாழக்கிழமை பிள்ளைகளை நாங்க பார்த்துக்குறோம், வேண்டாம்னா சொல்லுங்க' என்று கேளுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். பட்டியலை இரண்டாம் மூன்றாம் மாதத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள்.

மாலைமணி:
அதோடு, அவர்கள் சம்மதிக்காமல் வியாதியின் பெயரையோ கடன் தொகையையோ வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடாதீர்கள். 'ஒரு குடும்பத்துக்காக' என்றால் ஆண்டவருக்குப் புரியும்.