பட்டாயா சுகும்வித் சாலையைக் கடக்க: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்க

தாய்லாந்தின் பட்டாயா நகருக்குப் போகும் வயதானவர்களுக்காக நடைக்குறிப்பு ஒன்று தயாராகிறது. பீச் ரோடு தெற்கு நோக்கி ஒருவழி, செகண்ட் ரோடு வடக்கு நோக்கி. ஆனாலும் இரு பக்கமும் பார்க்கணும். ஓரமாக எதிர்த்திசையில் பைக் வரும். ஜீப்ரா கிராசிங்கில் முதல் லேன் கார் நின்றாலும் அடுத்த லேன் பைக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கார் முனையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. ஹெட்லைட் அடித்தால் 'நீ போ' இல்லை, 'நான் வர்றேன்' (நம்மூர் போலவே). 2022 முதல் கிராசிங்கில் நிற்காத வண்டிக்கு 4,000 பாட் வரை அபராதம். அதை நம்பி இறங்க முடியாது.

இனி கேள்வி. சுகும்வித் சாலையில் வடக்கு, தெற்கு பட்டாயா சந்திப்புகளுக்கு இடையே நடப்பவர்கள் பொத்தானை அழுத்திக் கடக்கும் சிக்னல் எங்கே, பச்சை எத்தனை நொடி? லிஃப்ட் உள்ள நடைமேம்பாலம் உண்டா? சமீபத்தில் நேரில் பார்த்தவர்கள் பக்கத்துக் கடை அடையாளத்தோடு சொல்லுங்க.