மச்சான் ஆஸ்பத்திரியில், இன்சூரன்ஸ் இல்லை, 23,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பில்: யாரிடம் போவது?

புதுக்கோட்டையான்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மச்சானும் நானும் ஒன்றாகத்தான் வந்தோம். முந்தாநாள் அவனுக்குக் கால் எலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது. 23,000 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள். எங்களுக்கு இன்சூரன்ஸே கிடையாது என்கிறார் தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் குமாஸ்தா). ஊரில் அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்தச் சங்கம், எந்தக் கோயில் உதவும்? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

குளுவாங் வாசி:
தம்பி, கிராணி சொல்வதை நம்பாதே. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஸ்பிக்பா என்ற ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் 2011-லிருந்து கட்டாயம். அந்த வருஷம்தான் நான் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்தேன். மூன்றாம் மாதமே டெங்கி. ஒன்பது நாள் வார்டில் கிடந்தேன், முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடையில் பாத்திரம் கழுவிய மலாய்க்கார அக்காதான் தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதனால் சொல்கிறேன், இனி வருகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே இன்சூரன்ஸ் பேப்பரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தைப்பிங் மாமா:
கடைக்குக் கட்டாயம், சரி. தோட்டத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஸ்பிக்பா கட்டாயம் இல்லை. முதலாளி விரும்பினால் எடுப்பார். அதனால் கிராணி சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

ஈப்போ அக்கா:
தம்பி, இந்தியர்களுக்கு உதவும் அரசாங்க அமைப்பான மித்ராவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு கோயில் கமிட்டியிலும் சொல்லுங்கள். நம் ஜனங்கள் கை விட மாட்டார்கள்.

தைப்பிங் மாமா:
அக்கா, மித்ரா மலேசியக் குடிமக்களான இந்தியர்களுக்கு மட்டும். இந்தியா பாஸ்போர்ட்டோடு போனால் ஒரு நாள் வீணாகும்.

குளுவாங் வாசி:
எதைத் தொட்டாலும் இப்படித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கக் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நமக்கு 40 வெள்ளி. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனையே இரண்டு வருஷம் அடைக்க வேண்டியிருக்கிறது. இதில் ஆபரேஷனுக்கு எங்கே போவது?

ஈப்போ அக்கா:
என் தாத்தா காலத்தில் எங்கள் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் (மருந்து கொடுப்பவர்) நடுராத்திரியிலும் கதவைத் திறப்பார். இப்போது அந்தக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

பழைய கிராணி:
நான் 30 வருஷம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். தம்பி முக்கியமானதைச் சொல்லவே இல்லை, நாமும் கேட்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம். கால் எப்படி முறிந்தது? எத்தனை மணிக்கு? அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா? வேலை பெர்மிட் உயிரோடு இருக்கிறதா?

புதுக்கோட்டையான்:
ஐயா, காலை ஐந்தே முக்காலுக்கு லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) மோட்டார் சைக்கிளில் போனான். மண் லாரி உரசிவிட்டது. லாரிக்காரரே தூக்கிக்கொண்டுபோய்த் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெர்மிட் இருக்கிறது. பாஸ்போர்ட் தோட்டத்து ஆபீஸில் இருக்கிறது.

பழைய கிராணி:
அப்படியென்றால் இது வேலை விபத்து. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்தாலும் சொக்சோ என்ற தொழிலாளர் பாதுகாப்புத் திட்டத்தின் கணக்கில் வரும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ உண்டு. வேலை விபத்துக்கான சந்தா முழுவதும் முதலாளி கட்டுவது, அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அதனால் உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ‘இன்சூரன்ஸ் கிடையாது’ என்று கிராணி சொன்னது ஸ்பிக்பாவை. சொக்சோ வேறு.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்றைக்கே போய் அதற்கான சொக்சோ படிவத்தை (பாரம் 34) நிரப்பச் சொல். மழுப்பினால் நீயே ஈப்போ சொக்சோ ஆபீஸுக்குப் போ. முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் அது அவர் குற்றம், மச்சானுடையது அல்ல.

அதற்கு முன் போலீஸ் ரிப்போர்ட். வேலைக்குப் போகும் வழியில்தான் அடிபட்டான் என்று காட்ட அதுதான் ஆதாரம். லாரியின் இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்கவும் அதே ரிப்போர்ட் வேண்டும். லாரி நம்பர், நேரம், இடம் மூன்றும் அதில் இருக்கட்டும். எம்.சி.யை (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) பத்திரமாக வை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரி தினக்கூலியில் 80 சதவீதம் சொக்சோ தரும், எம்.சி. நாலு நாளுக்குக் குறையக் கூடாது.

பில் விஷயத்தில் உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. தனியார் பில் முழுவதையும் சொக்சோ கொடுத்துவிடும் என்று எண்ணாதே. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சொக்சோ பேனல் கிளினிக்கிலும்தான் கவலையில்லாமல் பார்க்கலாம். டாக்டர் சம்மதித்தால் மச்சானை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேள். ஒவ்வொரு நாளும் பில் ஏறுகிறது. ஐட்டம் ஐட்டமாகப் பில் வாங்கு, தவணையில் கட்ட வழி கேள். சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

தைப்பிங் மாமா:
ஐயா சொன்னதோடு இன்னொன்று. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக எமிகிரேஷன் அனுமதி வேண்டும் என்ற குறி) இருந்தால், ஊரில் எமிகிரேஷன் கிளியரன்ஸ் எடுக்கும்போதே பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள். அதில் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இடமுண்டு. அந்த பாலிசி பேப்பர் ஏஜெண்டிடமோ ஊர் வீட்டிலோ கிடக்கும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கஷ்டப்படும் தொழிலாளிக்கென்று சமூக நல நிதி இருக்கிறது, 2009-இல் தொடங்கியது. பாஸ்போர்ட் நகல், பெர்மிட் நகல், பில், போலீஸ் ரிப்போர்ட் வைத்து எழுது. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கொடுக்க மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் சொல்.

புதுக்கோட்டையான்:
ஐயா, மாமா, கை கூப்புகிறேன். லாரி நம்பர் எங்களிடம் இல்லை, மோட்டார் சைக்கிளில் மச்சானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் போனில் படம் எடுத்தானாம். அவனைக் கூட்டிக்கொண்டு இப்போதே ஸ்டேஷனுக்குப் போகிறேன். அக்காவிடம் பாலிசி பேப்பர் தேடச் சொல்ல வேண்டும். சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஈப்போ அக்கா:
அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடு தம்பி. ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் துணைக்கு இருக்கிறார்கள்? வார்டு நம்பர் இங்கே போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு. நாளை மதியம் சோறு கொண்டுவருகிறேன்.