கையை மடக்கினால் முழங்கையில் ஓட்டை தெரிகிறது

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் (படம் வரையும் மென்பொருள்) ஒரு ஆட்டோக்காரரை வரைந்து, அசைய வைக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குக் (அனிமேஷன் மென்பொருள்) கொண்டுவந்தேன். கை, கால், தலை எல்லாம் தனித்தனி குரூப்பாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் ஒரே லேயராக (அடுக்காக) வந்து நிற்கிறது. அப்புறம் நானே வெட்டிப் பிரித்தேன், கையை மடக்கினால் முழங்கையில் ஓட்டை. எங்கே தப்பு?

பதில் 1: குரூப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கண்டுகொள்ளாது, மேல்மட்ட லேயர் மட்டும்தான் கணக்கு. இல்லஸ்ட்ரேட்டரில் லேயரைத் தேர்ந்தெடுத்து, லேயர்ஸ் பேனல் மெனுவில் 'ரிலீஸ் டு லேயர்ஸ்' கொடுத்து, வருகிற சப்லேயர்களைத் தாய் லேயருக்கு வெளியே இழுத்துப் போடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இம்போர்ட் பண்ணும்போது கம்போசிஷனாக (லேயர்கள் தனித்தனியாக வரும் வகை) எடுங்கள்.

பதில் 2: வெட்டிய இடம் நேர்கோடாக இருப்பதால்தான் ஓட்டை. முழங்கையில் கையின் அகலமே விட்டமாக ஒரு வட்டம் போடுங்கள். மேல்கை அந்த வட்டத்தில் முடிய வேண்டும், முன்கையும் அதே வட்டத்தில் தொடங்க வேண்டும். முன்கையின் ஆங்கர் பாயின்ட்டை (லேயர் எதைச் சுற்றிச் சுழலுமோ அந்தப் புள்ளி) வட்டத்தின் நட்டநடுவில் வைத்துவிட்டால் எவ்வளவு மடக்கினாலும் விளிம்பு விலகாது. அவுட்லைன் இருந்தால் தொல்லை, மூட்டின் குறுக்கே கோடு தெரியும், நான் அவுட்லைனே வைப்பதில்லை.

கேட்டவர்: வட்டம் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி! ஆனால் பெரிதாக்கினால் மங்குகிறதே?

பதில் 1: டைம்லைனில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி இருக்கும், அதைத் தட்டுங்கள்.