கடதாசி இல்லாமல் வாங்கிய அல்சேசன் குட்டி: உங்கள் அனுபவம் என்ன?

வட்டக்கச்சியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாசி மாதம் காலபோக நெல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, நெல் மூடைகளுக்கும் வளவுக்கும் காவலாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டை நாய்க்குட்டியை 35,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ‘சுத்தமான அல்சேசன், எட்டுக் கிழமைக் குட்டி’ என்று விற்றவர் சொன்னார். தகப்பன் நாயின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார். தாய் ஓமந்தைப் பக்கம் உறவினர் வீட்டில் நிற்பதாகச் சொன்னார். இனத்தை உறுதிப்படுத்தும் கடதாசி எங்கே என்று கேட்டபோது, தாயின் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன என்று பதில் வந்தது.

அந்த இடத்தில் நான் மேற்கொண்டு கேட்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. 2009 இல் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பறிகொடுத்து, முகாமில் இருந்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிய எங்களுக்கு, கடதாசி தொலைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது அவரைப் பொய்யர் என்று நினைக்க மனம் வருவதில்லை. ஆனால் 2009 இல் பத்திரத்தைத் தொலைத்த நாய்க்கு இன்று பதினைந்து வயதாவது கடந்திருக்க வேண்டுமே, அது சென்ற மார்கழியில் எப்படிக் குட்டி போட்டிருக்கும் என்ற கணக்கு, குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

இப்போது அவளுக்கு எட்டு மாதம். இடது காது நிமிர்ந்து நிற்கிறது. வலது காது பாதியில் மடிந்து கிடக்கிறது. வாலை முதுகின்மேல் சுருட்டிக்கொண்டு நடக்கிறாள். முதுகில் கறுப்பும் காலில் மண்ணிறமும் அல்சேசனுக்கு உரியபடியே இருக்கின்றன. மயிர் மட்டும் ஊர் நாயின் மயிரைப்போலக் கட்டையாகப் படிந்திருக்கிறது. அவளைக் கைவிடும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. சொல்லப்பட்டது உண்மையா என்பதை அறிய விரும்புகிறேன், அவ்வளவுதான். உங்களில் எவருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து

அக்கா, என் அனுபவம் சற்று வேறானது. தாயைக் கண்ணால் பார்த்து வாங்கியும் எனக்குக் கலப்புக் குட்டி கிடைத்தது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கடுவன் குட்டிகளை நானும் தம்பியும் ஆளுக்கொன்றாக வாங்கினோம். தாய் எந்தக் குறையும் சொல்ல முடியாத அல்சேசன். தம்பியின் குட்டி அதைப்போலவே வளர்ந்தது. என்னுடையது ஆறு மாதத்தில் ஒல்லியான காலும் கூரிய முகமுமாக, எங்கள் பக்கத்து வயற்காவல் நாய்களில் ஒன்றாகவே மாறிவிட்டது. வளர்த்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தாய் வேட்கையில் இருந்த நாட்களில் ஒரு கடுவன் அல்சேசனிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும், திரும்பி வந்து மூன்றாம் நாள் இரவு படலை திறந்து கிடந்ததாகவும், விடியப் பார்த்தபோது வளவுக்குள் இரண்டு ஊர் நாய்கள் நின்றதாகவும் சொன்னார்.

இது நடக்கக்கூடியதுதான் என்று மிருக வைத்தியர் பிறகு எனக்கு விளக்கினார். பெட்டை நாயின் வேட்கைக்காலம் ஏறக்குறைய மூன்று கிழமை நீடிக்கும். கருமுட்டைகள் பல ஒன்றாக வெளிப்படும், கடுவனின் விந்தணு கருப்பைக்குள் சில நாட்கள் உயிரோடு இருக்கும். ஆகையால் ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்மார் இருக்கலாம். மதில் இல்லாமல் முட்கம்பியும் பனைமட்டையும் வேலியாக நிற்கும் எங்கள் வளவுகளில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளர்த்தவர் பாதிப் பணத்தை அவராகவே திருப்பித் தந்தார் என்பதையும் எழுத வேண்டும். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மாங்குளத்திலிருந்து

நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விற்பவரிடம் ஒரு கொப்பித் தாளில், குட்டி பிறந்த திகதி, தாய் தகப்பன் விவரம், தூய இனம் என்ற உறுதிமொழி, வாங்கிய தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள். நான் கேட்ட மூன்று பேரில் இருவர், அந்த இடத்திலேயே ‘தூய இனம்’ என்ற பேச்சை விட்டுவிட்டு விலையைக் குறைத்தார்கள். மூன்றாமவர் எழுதித் தந்தார், அவரிடம்தான் வாங்கினேன்.

வவுனியாவிலிருந்து

தங்கச்சி, பதிவுபெற்ற நாய்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்தவன் என்ற முறையில் சிலவற்றை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் ‘கடதாசி’ என்ற ஒரே சொல்லால் எங்கள் ஆட்கள் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள்.

தடுப்பூசி அட்டை வம்சாவளிப் பத்திரம் ஆகாது. அதில் இனம் என்ற இடத்தில் ‘ஜேர்மன் ஷெப்பர்ட்’ (அல்சேசனின் மறுபெயர்) என்று எழுதப்பட்டிருந்தால், குட்டியைக் கொண்டுபோனவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவதும் அப்படியே. அது விசர்நோய்க் கட்டுப்பாட்டுக்கும் உரிமையாளரை அறிவதற்கும் உரிய பதிவு. வம்சாவளிப் பத்திரம் என்பது, பதிவுபெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த ஈற்றை வளர்ப்பாளர் நாய் வளர்ப்போர் கழகமொன்றில் முறைப்படி அறிவித்து, குட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெறுவது. அதில் முன்னோரின் பெயர்களும் பதிவிலக்கங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கும். தாயின் பத்திரம் உண்மையிலேயே தொலைந்திருந்தால், அதன் பதிவுப் பெயரைக் கொண்டு கழகத்தில் விசாரிக்க முடியும். பதிவுப் பெயரே தெரியாது என்று ஒருவர் சொன்னால், தொலைந்தது பத்திரமா, அல்லது அப்படியொரு பத்திரம் முன்பே இருக்கவில்லையா என்று கேட்பதில் தவறில்லை. பத்திரம் இருந்தாலும், வேறொரு நாயின் பத்திரத்தைக் காட்டுபவர்களும் உண்டு. குட்டியின் தோலுக்கு அடியில் நுண்சில்லு இருந்தால் அதன் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பிள்ளையின் தோற்றத்துக்கு வருகிறேன். இந்த இனத்தில் காது நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பல் மாறும் காலத்தில் நிமிர்ந்த காது மீண்டும் விழுந்து எழும்புவதும் வழக்கம். எட்டு மாதத்திலும் விழுந்திருந்தால் இனி நிமிர்வது அரிது, எனினும் தூய நாய்களிலும் அப்படிச் சில பிறக்கின்றன. வால்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. இந்த இனத்தின் வால் வாளைப்போல மெல்ல வளைந்து கீழே தொங்க வேண்டும், உற்சாகத்தில் உயர்த்தினாலும் முதுகு மட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது இனத்தின் அளவுகோல். முதுகின்மேல் சுருண்ட வாலும், அடிமயிர் இல்லாத ஒற்றை மயிரும் ஒருங்கே காணப்பட்டால், கலப்பு என்றுதான் நான் நினைப்பேன். ஆனாலும் இது என் கண்ணின் தீர்ப்பே தவிர நிரூபணம் அல்ல. மறுபுறம், முக்கால் பங்கு அல்சேசனாக இருக்கும் கலப்பு நாய், பார்வைக்கு முழு அல்சேசனாகவே நிற்பதையும் கண்டிருக்கிறேன். கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை எந்த இனங்களின் சாயல் எவ்வளவு என்று மதிப்பிட்டுத் தரும்; அதனாலும் வம்சாவளிப் பத்திரம் கிடைத்துவிடாது.

நிறத்திலும் ஒரு சோதனை உண்டு. கறுப்பு முதுகும் மண்ணிறக் கால்களும் கொண்ட இரண்டு அல்சேசன்களுக்கு முழுக் கறுப்புக் குட்டி பிறக்கலாம். ஓநாய்போல மயிருக்கு மயிர் சாம்பலும் கறுப்பும் கலந்த நிறக்குட்டி பிறக்காது, ஏனென்றால் அந்த நிறம் ஓங்கி நிற்கும் தன்மையுடையது, பெற்றோரில் ஒன்றிலாவது அது வெளிப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரின் படத்தைக் காட்டி விற்பவரிடம் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வயதை அறியப் பல்லைப் பாருங்கள்: பாற்பற்கள் 28 உம் எட்டாம் கிழமையளவில் வந்துவிடும். முன்கடைவாய்ப் பாற்பற்கள் இன்னும் முளைக்காத குட்டியை எட்டுக் கிழமை என்று விற்றால், தாயிடமிருந்து அதை முந்தியே பிரித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பரவும் குடல் வைரஸ் நோய்க்கு முதலில் பலியாவது அப்படிப்பட்ட குட்டிகளே. இனத்தைப் பற்றிய பொய்யைவிட வயதைப் பற்றிய பொய் எனக்கு அதிகக் கோபத்தை வரவழைக்கிறது.

இன்னொன்று: ‘அல்சேசன் ஒரு விலை, ஜேர்மன் ஷெப்பர்ட் அதைவிட உயர்ந்தது, அதற்கு வேறு விலை’ என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே இனம். 1899 இல் ஜேர்மனியில் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தொடங்கிவைத்த இனம் அது. முதலாம் உலகப்போருக்குப் பின் ஜேர்மன் என்ற பெயரைப் பிரித்தானியர் விரும்பாததால் அல்சேசன் என்று அழைத்தார்கள்; அந்தப் பெயர் எங்கள் வாயிலும் நிலைத்துவிட்டது.

வட்டக்கச்சியிலிருந்து, மீண்டும்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வவுனியா ஐயா எழுதியதைப் படித்த பின், சென்ற ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு ஓமந்தைப் பக்கம் அந்த உறவினர் வீட்டைத் தேடிப் போனேன். தாய் அங்கேதான் நின்றது. அதற்கு நான்கு வயது என்று வீட்டுக்காரப் பெண் சொன்னார். முகமும் நிறமும் அல்சேசன். வால் என் பிள்ளையின் வாலைப்போலவே முதுகின்மேல் சுருண்டிருந்தது. அவரும் அதனை ஒரு நெற்சாக்கு விலைக்குக் கடதாசி இல்லாமல் வாங்கியவர்தான். தூய இனம் என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றும், விற்றவர் அப்படிச் சொன்னது தனக்குத் தெரியாது என்றும் வருந்தினார். அவர் பேச்சில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து, தாயைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அறுவடைக்குப் பிறகு 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கிடைத்தால் எழுதுகிறேன்.

இதற்கிடையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர், ‘அல்சேசன் குட்டி போட்டால் எங்களுக்கும் ஒன்று வேண்டும், விலையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டார்கள். கடதாசி இல்லாத தாயின் குட்டி இன்னொரு வீட்டுக்கு அதே பெயரில் போவதை நான் விரும்பவில்லை. அவளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்க மிருக வைத்தியரிடம் அடுத்த புதன்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். செவ்வாய் இரவிலிருந்து அவளுக்குச் சோறு வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.