அம்மா அப்பா இல்லாத பிள்ளைகளின் கதைகளை இவனுக்கு வாசிக்கலாமா?

இரவுக்கதை (கேள்வி)

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரே நாளில் அம்மாவையும் அப்பாவையும் இழந்தவன். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். தூங்கும் முன் ஒரு அத்தியாயம் வாசிப்பது எங்கள் வழக்கம்.

சிறுவர் கதைகளில் பாதிக்குப் பாதி, பிள்ளைக்கு அம்மா அப்பா கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே அவர்கள் போய்விடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் முதல் அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு கிளிப் போட்டுவிடுகிறான். "அது வேண்டாம் சித்தி. என்ன நடக்கும்னு தெரியும். ரெண்டுலேர்ந்து படி."

போன வாரம் ஒரு கதையின் நடுவில் கேட்டான்: "இவன் அழவே இல்லையே. இவனுக்கு அம்மாவைப் பிடிக்காதா?"

"தைரியமான பையன், அதான்" என்றேன். சொன்ன நிமிடமே தப்பு என்று தெரிந்துவிட்டது. ஏனென்றால் இவனும் அன்று அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தலையைத் தடவி "தைரியசாலி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் அப்புறம் பேசவில்லை.

இந்த மாதிரிக் கதைகளையே ஒதுக்கிவிடலாமா? இல்லை, இவனுக்கு வாசிக்கக்கூடியது என்று ஏதாவது இருக்கிறதா?

புத்தக அலமாரி

ஒதுக்காதீர்கள். நான் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளையைத் தனியாக வெளியே விடமாட்டார்கள், சாகசம் நடக்காது. அதனால் நிறைய எழுத்தாளர்கள் பெற்றோரைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கதை நகர்வதற்காக மட்டும் அனாதையாக்கப்பட்ட பிள்ளைக்கு அழ நேரமே இருக்காது. உங்கள் பையன் பிடித்தது அதைத்தான்.

ஆனால் வலியை மறைக்காத கதைகளும் உண்டு. யோஹன்னா ஸ்பைரி 1880இல் எழுதிய ஹைடியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் தாத்தாவோடு இருந்தவளை ஃபிராங்பர்ட்டில் ஒரு பணக்கார வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை அழுதுவிடுகிறாள். இன்னொரு தடவை இப்படி அழுதால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வேன் என்கிறாள் வீட்டை நிர்வகிக்கும் அம்மாள். அன்றோடு யார் முன்னாலும் அழுவதை நிறுத்திவிடுகிறாள். உடம்பு இளைக்கிறது. அப்புறம் தினமும் காலையில் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பேய் என்று வீடே நடுங்குகிறது. கடைசியில் பார்த்தால் ஹைடிதான், தூக்கத்தில் எழுந்து நடந்து வந்து கதவைத் திறக்கிறாள். அடக்கிவைத்த அழுகை ராத்திரியில் கால் முளைத்து நடக்கிறது. டாக்டர் வந்து, இவளை உடனே மலைக்கு அனுப்புங்கள் என்கிறார்.

1911இல் வந்த 'தி சீக்ரெட் கார்டன்' மேரியும் பெற்றோர் போனதற்காக அழுவதில்லை. காலரா வந்து எல்லாரும் போன வீட்டில் அவளை மறந்தே விட்டுவிடுகிறார்கள். சிடுசிடுப்பு, யாரிடமும் ஒட்டாத குணம். நல்ல பிள்ளையாக இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையை நேசிக்கலாம் என்று அந்தக் கதை நம்புகிறது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஹைடியைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள், பின்னால் வந்து ஃபிராங்பர்ட்டுக்குக் கூட்டிப் போகிறவள், இரண்டும் அவள் அம்மாவோடு பிறந்த டேட்டேதான். நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிடுங்கள்.

பழைய பெட்டி

நான் விடுதியில் வளர்ந்தவன். ஆறு வயதிலிருந்து பதினேழு வயது வரை. "தைரியசாலி" என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடியாது. அது பாராட்டு இல்லை சகோதரி, வாயை மூடு என்று அன்பாகச் சொல்வது.

கிறிஸ்டோபர் பால் கர்டிஸ் 1999இல் எழுதிய 'பட், நாட் பட்டி' என்ற நாவலைப் பெரியவனான பிறகுதான் படித்தேன். கதை நடப்பது 1936இல், அமெரிக்காவில். பட் என்ற பத்து வயதுப் பையனிடம் ஒரு பழைய பெட்டி. உள்ளே போர்வை, அம்மா வைத்திருந்த நோட்டீஸ்கள், எழுத்து எழுதிய சில கற்கள். பெட்டி கை மாறித் திரும்பி வந்தால் முதல் வேலையாகத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பான். என்னிடம் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் அம்மாவின் சேலையிலிருந்து அறுந்த ஒரு கொக்கி. தினமும் திறந்து பார்ப்பேன். வேறு பையன்கள் சிரிப்பார்கள். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

பட் தனக்கு இப்போதெல்லாம் கண்ணீரே வருவதில்லை என்பான். அடி வாங்கியபோதும் பசியிலும் அழாதவன், பாட்டுக்காரர்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, இதுதான் நான் இருக்கவேண்டிய இடம் என்று தோன்றிய கணத்தில் அழுகிறான். பயம் போன பிறகுதான் அழுகை வரும். எனக்குத் திருமணமாகி மூன்றாம் மாதம் வந்தது.

குழந்தைமனம்

குழந்தைகளோடு ஆலோசகராக இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் கூட இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்கள் சேர்ந்து வந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது, மாறாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பெற்றோராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. மீள்திறன் பிள்ளைக்குள் தனியாக ஊறுவது இல்லை. அதனால் கதையில் பிள்ளையின் வீரத்தைத் தேடாதீர்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

1908இல் வெளியான 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' கடைசிப் பகுதியில், ஆன் என்ற அனாதைப் பெண்ணை வளர்த்த மாத்யூ இறந்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. தனக்கே அது பயமாக இருக்கிறது. நடுராத்திரியில் விழித்தபோதுதான் வருகிறது. சத்தம் கேட்டு மாத்யூவின் சகோதரி மரில்லா வந்து அணைத்துக்கொள்கிறாள். உங்கள் பையனின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. ஆனால் வளர்த்தவர் இறக்கும் இடம் அது, அவசரப்பட வேண்டாம்.

இரவுக்கதை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஹைடி வாசித்தோம், வழக்கம்போல இரண்டாவதிலிருந்து.

டேட்டே கூட்டிப் போக வந்ததும் நிறுத்தச் சொன்னான். "இவ யாரு?" முதல் அத்தியாயம் கிளிப்புக்குள் இருந்ததால் அவனுக்குத் தெரியாது.

"ஹைடியோட அம்மாகூடப் பிறந்தவ."

"அப்போ சித்தி."

"ஆமா."

"நீ எங்கயும் போக மாட்டல்ல?"

"மாட்டேன்."

"சரி, படி" என்றான். ஆனால் அந்த அத்தியாயம் முடியும்வரை என் புடவை முந்தானை அவன் கையில் இருந்தது.

கதவு திறந்து கிடக்கும் இடம் நான்கு நாள் கழித்து வந்தது. "அழக்கூடாதுன்னு சொன்னதாலதான் நடக்கிறாளா?" என்றான். ஆமாம் என்றேன். நான் அன்றைக்குத் தைரியமான பையன் என்று சொன்னதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். அதற்கப்புறம் இன்னொரு தடவை.

பழைய பெட்டி அண்ணா, அடுத்தது உங்கள் பட் கதைதான். அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.