27 வயசுல திரும்ப காலேஜ் போனேன், லோன் எடுத்துத்தான் (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடிச்சிட்டு ஒரு கம்பெனில லைன்ல 7 வருஷம் இருந்தேன், சம்பளம் 14,500ல நின்னு போச்சு, எனக்குக் கீழ ட்ரெய்னியா வந்த பையன் பி.இ.ங்கற ஒரே காரணத்துக்கு எனக்கே சூப்பர்வைசர் ஆனான், அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதுட்டு லேட்டரல் என்ட்ரி ஃபார்ம் போட்டேன். 2017ல நேரா பி.இ. செகண்ட் இயர். கிளாஸ்ல எல்லாம் என்னை அக்கான்னு கூப்பிடும், சில புது ஸ்டாஃபே மேடம்னு சொல்லி எந்திரிச்சிருவாங்க 😂 ஆனா டிபிடிஇன்னு (ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்) ஒரு மேத்ஸ் பேப்பர் இருக்கே, ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் படிக்காம நேரா அதுல போய் விழுந்தா என்ன ஆகும், ரெண்டு தடவ அரியர்.

வருஷம் 1,20,000 வீதம் 3 வருஷத்துக்கு 3,60,000 லோன். 4 லட்சம் வரைக்கும் செக்யூரிட்டி தேவையில்ல, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும்னு ரூல், ஆனா பிராஞ்ச்ல தாத்தா நிலத்துப் பத்திரம் கேட்டாங்க. வித்யாலட்சுமிங்கற கல்விக் கடன் வெப்சைட்ல அப்ளை பண்ண பிரிண்ட் அவுட்ட கைல வச்சிக்கிட்டு அப்பா வேலைய விட்டுட்டு நாலு தடவ அலைஞ்சாரு.

படிப்பு முடிஞ்சு 1 வருஷம் வரைக்கும் கட்ட வேணாம்னு சொன்னாங்களா, நானும் நிம்மதியா அந்தப் பக்கமே போகல. 2020ல முடிச்சப்ப கொரோனா, வேலை கிடைக்கவே 2021 ஆச்சு. அப்பதான் பாஸ்புக் என்ட்ரி போட்டேன், மிஷின் டர் டர்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, பக்கம் திருப்பி திருப்பி வைக்கிறேன். முதல் வருஷம் மாசம் 1,000 வட்டி, அடுத்த வருஷம் 2,000, அப்புறம் ரெண்டு வருஷம் 3,000. மொத்தம் 1,08,000. அத அசலோட சேர்த்து 4,68,000 ஆக்கிட்டாங்க, 7 வருஷத்துக்கு மாசம் கிட்டத்தட்ட 7,770 இஎம்ஐ. கட்ட வேணாம்னா வட்டி ஓடாதுன்னு நெனச்சது என் முட்டாள்தனம்தான், ஆனா கையெழுத்து வாங்கறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.

——

அக்கா உங்களுக்கு வட்டி மானியம் வந்திருக்கணுமே? வீட்டு வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா அந்தக் கட்ட வேணாம்னு விட்ட காலத்து வட்டிய சென்ட்ரல் கவர்மென்ட் கட்டும், 2009ல இருந்து இருக்கு. தாலுகா ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் வாங்கி பிராஞ்ச்ல குடுக்கணும், அவங்களா கேக்கவே மாட்டாங்க. என் தங்கச்சிக்கு நானே போய் உக்காந்து வாங்கினேன். இப்ப சேர்றவங்க காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ, இல்லாட்டி கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா கிடைக்காது.

——

நான் வேற ரூட். கோயம்புத்தூர்ல பகல்ல வேலை, சாயங்காலம் பார்ட் டைம் பி.இ. பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடி மாதிரி காலேஜ்ல டிப்ளமோகாரங்களுக்குன்னே இருந்துச்சு. சம்பளம் நிக்கல, லோனும் இல்ல, ஆனா ஷிப்ட் முடிஞ்சு கிரீஸ் கையோட கிளாஸுக்கு ஓடி பாதி நாள் தூங்கிருவேன். வீட்ல கொழந்த இருந்தா ரொம்ப கஷ்டம் பாத்துக்கோங்க. லோன் எடுத்தவங்க இன்கம் டாக்ஸ்ல 80இ பிரிவ மறக்காதீங்க, கட்டற வட்டி முழுசுக்கும் 8 வருஷம் வரைக்கும் கழிவு, பழைய டாக்ஸ் ரெஜிம்ல மட்டும்.

——

மானியம் விஷயம் இப்பதான்பா கேள்விப்படுறேன் 😭 அப்பாவுக்கு தறி வேலை, 4.5 லட்சம்லாம் கனவுல கூட கிடையாது. சாயங்காலம் பிராஞ்சுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அந்தந்த வருஷமே கிளைம் போட்டிருக்கணும், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. இப்ப சம்பளம் 32,000, டிசைன் டீம். அதுக்கு டாக்ஸே வராது, 80இ வச்சு நான் என்ன பண்ண. தம்பி இந்த வருஷம் சேர்றான், அவனுக்காக வருமானச் சான்றிதழுக்கு நாளைக்கே இ-சேவை போறேன்.